முதல் ஜப்பான் பயணம்: குக்கர் வேண்டாம், மருத்துவர் கடிதம் வேண்டும்

கேள்வி: எனக்கு 63 வயது, மனைவிக்கு 58. இதுவரை இந்தியாவைத் தாண்டியதில்லை. மார்ச் கடைசி வாரத்தில் 12 நாள் ஜப்பான் போகிறோம். சிங்கப்பூர் வழியாக நரிட்டாவில் இறங்கி டோக்கியோ, கியோட்டோ, நாரா, ஹிரோஷிமா பார்த்துவிட்டு ஒசாகா கன்சாய் விமான நிலையத்திலிருந்து திரும்புகிறோம். குழுவோடு அல்ல, நாங்கள் இருவர் மட்டும். டிக்கெட், ஹோட்டல், விசா எல்லாம் ஆகிவிட்டது. இருவரும் சைவம், முட்டையும் கிடையாது. பால், தயிர் உண்டு. எனக்குச் சர்க்கரை நோய், இரவில் இன்சுலின் போட்டுக்கொள்கிறேன். சின்ன மின்சாரக் குக்கர், அரிசி, பருப்பு கொண்டுபோனால் சமாளித்துவிடலாம் என்கிறார் மனைவி. ஜேஆர் ரயில் பாஸ் வாங்கலாமா? வேறு என்னவெல்லாம் தயார் செய்ய வேண்டும்?
(ஓய்வுபெற்ற ஆசிரியர், பாளையங்கோட்டை)

பதில்: வணக்கம் ஐயா. குக்கரிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் உங்கள் தயாரிப்பு முழுவதும் அதன்மேல்தான் நிற்கிறது. அதை வீட்டிலேயே வைத்துவிடுங்கள். ஜப்பானில் மின்சாரம் 100 வோல்ட். நம் ஊர்க் குக்கரும் கெட்டிலும் 230 வோல்ட்டுக்குச் செய்யப்பட்டவை. மின்னழுத்தம் பாதிக்கும் கீழே போனால் சூடு பாதியாகக் குறைவதோடு நிற்காது, ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்காகிவிடும். ஆயிரம் வாட் கெட்டில் அங்கே இருநூறு வாட் கூடத் தராது. அரிசி ஊறும், வேகாது. மின்னழுத்தத்தை உயர்த்தும் டிரான்ஸ்ஃபார்மர் வாங்கினால் அது குக்கரைவிடக் கனம். அறையில் சமைப்பதைப் பல ஹோட்டல்கள் அனுமதிப்பதும் இல்லை.

அரிசியும் பருப்பும் வேறு காரணத்தால் கூடாது. சமைக்காத தானியம், பச்சைக் காய்கறி, பழம், இலை எதுவானாலும் இந்தியாவில் வாங்கிய தாவர நலச் சான்றிதழ் இல்லாமல் ஜப்பானுக்குள் விடமாட்டார்கள். கறிவேப்பிலை ஒரு கொத்து, எலுமிச்சை இரண்டு, வழியில் கடிக்க ஒரு கொய்யா, துணைவியார் தலையில் வைத்திருக்கும் மல்லிகை வரை இதில் அடங்கும். இறைச்சி கலந்த எந்தப் பொருளும் தடை. உங்களுக்கு அது பொருந்தாது என்றாலும், நூடுல்ஸ் பாக்கெட்டின் மசாலாப் பையில் கோழிச்சாறு இல்லையா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூர் வழியாகப் போவதால் கசகசாவும் வேண்டாம். அங்கே அது போதைப்பொருள் சட்டத்தின் பார்வைக்குள் வரும் பொருள். குருமாப் பொடியிலும் அது கலந்திருக்கலாம்.

ஜப்பானுக்குப் போய்ச்சேர்ந்த பிறகு படும் சிரமம் நீங்கள் பயப்படுகிற அளவுக்கு இல்லை. ரயில் நேரத்துக்கு வரும், ஸ்டேஷன் பெயர் ஆங்கிலத்திலும் இருக்கும், வழி தவறினாலும் யாராவது நின்று உதவுவார்கள். சிக்கல் என்று வருபவை பெரும்பாலும் ஊரைவிட்டுக் கிளம்பும் முன்பே பெட்டியிலோ போனிலோ உட்கார்ந்திருப்பவைதான். ஆகவே எந்தக் கோயிலை எந்த நாளில் பார்ப்பது என்பதைத் தள்ளி வையுங்கள். முதலில் மருந்து.

மருந்துப் பை

மருத்துவர் எழுதிக்கொடுத்த மருந்தை ஒரு மாத அளவு வரை முன் அனுமதியின்றி ஜப்பானுக்குக் கொண்டுபோகலாம். நீங்களே போட்டுக்கொள்ளும் இன்சுலின் பேனாவுக்கும் இதே கணக்கு. அதற்கு மேல் என்றால் ‘யுன்யு காகுனின்ஷோ’ என்ற இறக்குமதி உறுதிச்சான்றை அந்நாட்டுச் சுகாதாரத் துறையிடம் முன்கூட்டியே வாங்க வேண்டும். உங்களுக்கு 12 நாள்தான், தேவையில்லை. 24 நாளுக்கான அளவு எடுத்துக்கொள்ளுங்கள். அதைப் பாதியாகப் பிரித்து உங்கள் கைப்பையில் ஒன்று, துணைவியார் கைப்பையில் ஒன்று. ஒரு பை காணாமல் போனாலும் பயணம் நிற்காது, ஒரு மாத வரம்பும் தாண்டாது.

இன்சுலினைச் சரக்கில் போடும் பெட்டியில் வைக்கவே கூடாது. விமானத்தின் அடிப்பகுதியில் குளிர் எவ்வளவு இருக்கும் என்பது நம் கையில் இல்லை. ஒருமுறை உறைந்த இன்சுலின் உருகிய பிறகு தெளிவாகத் தெரிந்தாலும் பழையபடி வேலை செய்யாது. கைப்பையிலும் ஜெல் ஐஸ் கட்டி நேராகப் பேனாவைத் தொடாதபடி துணி சுற்றி வையுங்கள். ஹோட்டல் அறையின் சின்ன ஃப்ரிட்ஜில் பின்சுவரை ஒட்டி வைக்காமல் கதவுப் பக்கம் வையுங்கள், காரணம் அதேதான். பாதுகாப்புச் சோதனையில் 100 மில்லி திரவக் கட்டுப்பாடு மருந்துக்குப் பொருந்தாது. ஆனால் இது மருந்து என்று காட்டக் காகிதம் வேண்டும்.

அந்தக் காகிதம் உங்கள் மருத்துவரின் லெட்டர்பேடில் ஆங்கிலத்தில் இருக்கட்டும்: பாஸ்போர்ட்டில் உள்ளபடியே உங்கள் பெயர், நோய், ஒவ்வொரு மருந்தின் மூலப்பெயர், அளவு, ஒரு நாளைக்கு எத்தனை, ஊசியும் சர்க்கரை பார்க்கும் கருவியும் சொந்த உபயோகத்துக்கு என்ற ஒரு வரி, கையொப்பம், முத்திரை. மூலப்பெயர் மிக முக்கியம். நம் ஊர்க் கம்பெனிப் பெயர் அங்கே எந்த மருத்துவருக்கும் தெரியாது. ‘மெட்ஃபார்மின்’ என்றால் தெரியும். மாத்திரைகளைப் பிரித்துக் கிழமைவாரி டப்பாவில் போட்டுக்கொண்டு போகாதீர்கள். அட்டையோடு, முடிந்தால் பில்லோடு இருக்கட்டும்.

கடிதம் வாங்கும்போது மருத்துவரிடம் இன்னொன்றும் கேளுங்கள். ஜப்பான் நம்மைவிட மூன்றரை மணி நேரம் முன்னால் இருக்கிறது. இங்கே இரவு 10 மணி ஊசி, அங்கே அதிகாலை 1.30. பயண நாளில் எப்போது போடுவது, அங்கே போய் எத்தனை நாளில் எந்த நேரத்துக்கு நகர்த்துவது என்று அவரே எழுதித் தரட்டும். நாளொன்றுக்கு வழக்கத்தைவிட இரண்டு மூன்று மடங்கு நடக்கப்போகிறீர்கள் என்பதையும் சொல்லுங்கள். சர்க்கரை திடீரென்று இறங்க அதுவே பெரிய காரணம், அளவைக் கொஞ்சம் மாற்ற வேண்டியிருக்கலாம். பாக்கெட்டில் குளுக்கோஸ் எப்போதும் இருக்க வேண்டும். தீர்ந்துபோனால் எந்தக் கடையிலும் கிடைக்கும் மொரினாகா கம்பெனியின் ‘ராமுனே’ மிட்டாய் பெரும்பகுதி குளுக்கோஸ்தான். பயன்படுத்திய ஊசிகளை ஹோட்டல் குப்பையில் போடாமல், மூடியுள்ள கெட்டியான பிளாஸ்டிக் டப்பாவில் சேர்த்துத் திரும்பக் கொண்டுவந்துவிடுங்கள்.

சளி, இருமலுக்கு என்று வீட்டில் கிடப்பதை அள்ளிப் போடும் பழக்கம்தான் இங்கே ஆபத்து. சூடோஎபெட்ரின் 10 சதவீதத்துக்கு மேல் உள்ள மாத்திரையும், கோடீன் 1 சதவீதத்துக்கு மேல் உள்ள மருந்தும் முன் அனுமதியின்றி ஜப்பானில் தடை. முதலாவது ஊக்கமருந்து மூலப்பொருளாகவும், இரண்டாவது போதைப்பொருளாகவும் கருதப்படும். தெரியாமல் கொண்டுவந்தேன் என்று சொல்லித் தப்ப முடியாது. அட்டையின் பின்பக்கம் பூதக்கண்ணாடி வைத்துப் படியுங்கள், சந்தேகம் வந்தால் எடுத்துப்போக வேண்டாம். காய்ச்சலுக்குப் பாராசிட்டமால், வயிற்றுக்கு உப்புச்சர்க்கரைக் கரைசல் பொடி போதும். பெயர்ச்சீட்டு இல்லாத சூரணம், லேகியம் வேண்டாம். மருந்து நல்லதுதான், ஆனால் பழுப்புப் பொடி என்ன என்று சுங்க அதிகாரிக்கு விளக்க உங்களிடம் எதுவும் இருக்காது.

சாப்பாடு

ஜப்பானில் சைவம் கிடைக்காது என்பது சரியல்ல. சைவம் போலத் தெரிவது சைவமாக இருக்காது என்பதுதான் சிக்கல். ‘தாஷி’ என்று ஒரு சாறு உண்டு, பெரும்பாலும் காய்ந்த கத்சுவோ மீன் சீவலில் எடுப்பது. நமக்குப் புளித்தண்ணீர் எப்படியோ அப்படி அவர்கள் சமையலில் அது எங்கும் இருக்கும். மிசோ சூப், ஊதோன், சோபா நூடுல்ஸ் குழம்பு, வேகவைத்த காய், தெம்புரா (மாவில் தோய்த்துப் பொரித்தது) தொட்டுக்கொள்ளும் சாறு எல்லாவற்றிலும் உண்டு. மேலே ஒரு துண்டு மீன் தெரியாது. சமைத்தவரைக் கேட்டால் இறைச்சி இல்லை என்று மனதாரச் சொல்வார், தாஷி அவர் நினைவுக்கே வராது. ஒவ்வாமை அட்டவணையும் உதவாது. பாக்கெட் உணவில் முட்டை, பால், கோதுமை, இறால், நண்டு போன்றவற்றைக் குறிப்பிடுவது கட்டாயம். மீன் கட்டாயப் பட்டியலில் இல்லை.

எனவே ஜப்பானிய மொழியில் அச்சிட்ட ஓர் அட்டை கொண்டுபோங்கள், ஆளுக்கு இரண்டு. அதில் இருக்க வேண்டியது: இறைச்சி, கோழி, மீன், நத்தை, சிப்பி, இறால், முட்டை சாப்பிடமாட்டோம், மீன் தாஷி, எலும்புச் சாறு, பன்றிக் கொழுப்பு, ஜெலட்டின் கூடாது, பால், தயிர், வெங்காயம், பூண்டு சரி, உங்களால் இப்படித் தர முடியாவிட்டால் பரவாயில்லை, சொல்லிவிடுங்கள். அந்தக் கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். வந்த விருந்தினரிடம் முடியாது என்று சொல்லத் தயங்குபவர்களுக்கு அது வழிவிடும். ஜப்பானியம் தெரிந்த யாரையாவது கொண்டு ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள், இயந்திர மொழிபெயர்ப்பை மட்டும் நம்ப வேண்டாம். பேசும்போது ‘வெஜிடேரியன்’ என்பதைவிட ‘வீகன்’ (பால் உட்பட விலங்கிலிருந்து வரும் எதையும் சாப்பிடாதவர்) என்று சொல்லுங்கள். பால் உங்களுக்குச் சரிதான், ஆனாலும் முன்னதைக் காய்கறி விரும்பிச் சாப்பிடுபவர் என்ற அளவில் எடுத்துக்கொள்பவர்கள் உண்டு; பின்னது கண்டிப்பானது என்று பலருக்குத் தெரியும்.

உணவகம் என்றால், டோக்கியோவில் இந்தியர் அதிகம் வாழும் பகுதி எதோகாவா வட்டத்தின் நிஷிகசாய், தோசாய் சுரங்க ரயில் பாதையில் இருக்கிறது. அங்கும் நகரின் மையப் பகுதியிலும் தென்னிந்திய உணவகங்கள் உண்டு. டோக்கியோ ஸ்டேஷனுக்குள்ளேயே ‘டீஸ் தான்தான்’ என்ற கடையில் இறைச்சி, மீன், முட்டை இல்லாத ராமென் நூடுல்ஸ் கிடைக்கும். டிக்கெட் கேட்டுக்கு உள்ளே இருப்பதால் ரயில் மாறும்போது சாப்பிட வசதி. கியோட்டோவில் ஒரு வேளையாவது ‘ஷோஜின் ரியோரி’ சாப்பிடுங்கள். புத்த மடங்களின் சைவச் சமையல் அது, வெங்காயமும் பூண்டும் கூட இல்லாதது. சாறு கடற்பாசியிலும் காளானிலும் எடுப்பார்கள். அராஷியாமாவில் தென்ரியூஜி ஆலயத்துக்குள் ‘ஷிகெட்சு’ என்ற உணவுக்கூடம் இதற்கென்றே இருக்கிறது. இவ்வளவு தூரம் போய் இந்திய உணவகத்தில் மட்டும் சாப்பிட்டுத் திரும்ப வேண்டாம் என்பது என் ஆசை.

மற்ற வேளைகளுக்கு, குக்கர் இல்லாமலே நம் வீட்டுச் சாப்பாடு முடியும். 24 மணி நேரக் கடைகளை அங்கே ‘கொன்பினி’ என்பார்கள். செவன் இலெவன், லாசன், ஃபேமிலி மார்ட் மூன்றும் தெருவுக்குத் தெரு உண்டு. அங்கும் சூப்பர் மார்க்கெட்டிலும் 200 கிராம் வெறும் சாதம் மூடிய டப்பாவில் கிடைக்கும், மைக்ரோவேவில் இரண்டு நிமிடம். கடையிலேயே சூடாக்கித் தரச் சொல்லலாம். பல ஹோட்டல்களில் ஏதாவது ஒரு மாடியில் பொது மைக்ரோவேவ் இருக்கும். இனிப்பில்லாத கட்டித் தயிர் 400 கிராம் டப்பாவில் கிடைக்கும். பழம் கலந்த தயிரில் ஜெலட்டின் இருக்கலாம் என்பதால் வெறும் தயிரையே எடுங்கள். சாதம், தயிர், நீங்கள் கொண்டுபோகும் பருப்புப் பொடி: இரவுச் சாப்பாடு தயார். ஆனால் ஐயா, அது பசைமிக்க வெள்ளை அரிசி. ஒரு டப்பாவில் ஏறத்தாழ 70 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. அரை டப்பா சாதம், கூடவே டோஃபு, அவித்த எதமாமே பயறு, நிலக்கடலை என்று அமைத்துக்கொள்ளுங்கள்.

கொண்டுபோக வேண்டியவை: பருப்புப் பொடி, இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், எண்ணெய் ஊறுகாய், வெந்நீர் ஊற்றினால் ஆகும் உப்புமா, பொங்கல் பாக்கெட்டுகள் பத்து, உப்பு ஒரு சின்னப் பொட்டலம், இரண்டு ஸ்பூன், மூடியுள்ள ஒரு எவர்சில்வர் டப்பா. அறையில் வெந்நீர்க் கெட்டில் பெரும்பாலும் இருக்கும், கொதிக்க வைப்பது கவலையில்லை. பொடி வீட்டில் அரைத்ததானால் என்ன என்று ஆங்கிலத்தில் சீட்டு எழுதி ஒட்டி, காற்றுப் புகாமல் மூடுங்கள். புளிக்காய்ச்சலும் ஊறுகாயும் சோதனையில் திரவமாகக் கருதப்படும். அவை பெரிய பெட்டிக்குள், இரண்டு உறை போட்டு. சுங்கப் படிவத்தில் உணவுப் பொருள் பற்றிக் கேட்டால் இருப்பதை அப்படியே சொல்லுங்கள்.

ஓணிகிரி என்ற சோற்று உருண்டை எல்லாக் கடையிலும் கண்ணில் படும். உப்பு மட்டும் போட்ட உருண்டை பொதுவாகச் சரி. புளிப்புப் பிளம், கடற்பாசி வைத்ததில் கூட மீன் சாறு சேர்ந்திருக்கலாம், போன் கேமராவால் மொழிபெயர்த்துப் படித்துவிட்டு வாங்குங்கள். கேக், மயோனீஸில் முட்டை இருக்கும், ரொட்டியிலும் இருக்கலாம். நத்தோ என்ற புளித்த சோயாவின் கூடவே வரும் சாறுப் பொட்டலத்தில் மீன் உண்டு.

போனும் விசாவும்

உங்கள் விசா வந்துவிட்டது என்றீர்கள். அது பாஸ்போர்ட்டில் ஒட்டிய காகிதமா, இ-விசாவா என்று பாருங்கள். இப்போது இந்தியாவில் சுற்றுலாவுக்குப் பெரும்பாலும் இ-விசாதான் தருகிறார்கள், அதில் பலர் அறியாத ஒரு நிபந்தனை இருக்கிறது. விமான நிலையத்தில் விசா அறிவிப்பை இணையத்தில் திறந்து நேரடியாகத் திரையில் காட்ட வேண்டும். அச்சிட்ட தாள், ஸ்கிரீன்ஷாட், சேமித்த பிடிஎஃப் எதுவும் செல்லாது. இருவருக்கும் தனித்தனி அறிவிப்பு. கிளம்புவதற்கு முன்தினம் உங்கள் போனிலேயே இரண்டையும் திறந்து பாருங்கள். மகனோ முகவரோ விண்ணப்பித்திருந்தால் இணைப்பு அவர்கள் மின்னஞ்சலில் கிடக்கும், அதை வாங்கிவிடுங்கள். முழுதாகச் சார்ஜ் ஏறிய போன், இணையம், ஒரு பவர் பேங்க். பவர் பேங்க் கைப்பையில்தான் இருக்க வேண்டும், சரக்கில் கூடாது.

அடுத்து ‘விசிட் ஜப்பான் வெப்’ என்ற அரசுத் தளத்தில் குடியேற்ற, சுங்க விவரங்களை வீட்டிலிருந்தே நிரப்பி க்யூஆர் கோடு எடுத்துவையுங்கள். இதற்கு ஸ்கிரீன்ஷாட் போதும். செய்யாவிட்டாலும் விமானத்தில் காகிதப் படிவம் உண்டு, ஆனால் இரவுப் பயணம் முடிந்த கண்ணோடு எழுத வேண்டியிருக்கும். முதல் ஹோட்டலின் முகவரியையும் தொலைபேசி எண்ணையும் தளத்திலும் கேட்பார்கள், காகிதத்திலும் கேட்பார்கள்.

இணையத்துக்குப் போன் இ-சிம் (அட்டை செருகாமல் போனிலேயே பதியும் சிம்) ஏற்குமானால் அதை இங்கேயே வாங்கிப் பதிந்துகொள்வது எளிது. நம் ஊர் சிம்மைக் கழற்ற வேண்டாம். வங்கி ஓடிபி அதற்குத்தான் வரும். ரோமிங்கைக் கிளம்பும் முன் இயக்கி, அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவையுங்கள், இல்லையென்றால் பில் எகிறும். துணைவியாரிடம் இருப்பது பழைய 2ஜி பட்டன் போன் என்றால் அது ஜப்பானில் சிக்னலே பிடிக்காது. கூட்டத்தில் பிரிந்தால் அவர் கையில் என்ன இருக்கும் என்று யோசியுங்கள். அவரிடமும் ஒரு ஸ்மார்ட்போன், ஒரு இ-சிம், ஹோட்டல் பெயர் ஜப்பானிய எழுத்தில் உள்ள அட்டை இருக்கட்டும்.

பணம், ரயில், பெட்டி

யுபிஐயை நம்பிப் போக வேண்டாம். வங்கிச் செயலியில் டெபிட், கிரெடிட் கார்டு இரண்டுக்கும் வெளிநாட்டுப் பயன்பாட்டை, ஏடிஎம், கடை என்று தனித்தனியாக இயக்குங்கள். இயல்பாக அது அணைந்தே இருக்கும். இங்கிருந்து 30,000 யென் ரொக்கம் போதும். பிறகு செவன் இலெவன் கடை ஏடிஎம்மில் எடுக்கலாம், வெளிநாட்டுக் கார்டை ஏற்பதில் அதுதான் நம்பகமானது. ரூபாயாக மாற்றிக் கழிக்கவா என்று திரையில் கேட்டால் மறுத்து யென்னையே தேர்ந்தெடுங்கள், அந்த மாற்று விகிதம் உங்களுக்கு நஷ்டம். கோயில் நுழைவு, சின்னக் கடை, பயண அட்டைக்குப் பணம் ஏற்றுவது எல்லாம் இன்னும் பெரும்பாலும் ரொக்கம்தான்.

அந்தப் பயண அட்டை ‘சுய்கா’. நரிட்டாவில் இறங்கியதும் வாங்குங்கள், ஆளுக்கு ஒன்று. ஒரே அட்டையை இருவர் தட்டிப் போக முடியாது. நகர ரயில், சுரங்க ரயில், பேருந்து, கொன்பினி எல்லாவற்றுக்கும் டோக்கியோவிலும் கியோட்டோவிலும் அதுவே செல்லும். டோக்கியோவில் தட்டி ஏறி கியோட்டோவில் தட்டி இறங்க மட்டும் முடியாது, அதற்குத் தனி டிக்கெட்.

ஜேஆர் பாஸ் உங்களுக்கு வேண்டாம். 2023 அக்டோபரில் ஏழு நாள் பாஸின் விலை 29,650 யென்னிலிருந்து 50,000 ஆனது. டோக்கியோ–கியோட்டோ ஷின்கான்சென் (அதிவேக ரயில்) ஒருவழி சுமார் 14,000. கியோட்டோ–ஹிரோஷிமா போய்வர சுமார் 23,000. நாராவும் விமான நிலைய ரயிலும் சேர்த்தாலும் 50,000 வராது. நீங்கள் கன்சாயிலிருந்து திரும்புவதால் இன்னும் நல்ல வழி, ஜேஆர் வெஸ்ட் ரயில் நிறுவனத்தின் ஐந்து நாள் ‘கன்சாய் ஹிரோஷிமா’ பாஸ். 2023 விலை உயர்வுக்குப் பின் 17,000 யென் அளவில் இருக்கிறது. ஷின் ஒசாகாவிலிருந்து ஹிரோஷிமா வரை ஷின்கான்சென், நாரா, கன்சாய் விமான நிலையத்துக்குப் போகும் ஹருகா ரயில் எல்லாம் அதில் அடங்கும். கியோட்டோவிலிருந்து ஷின் ஒசாகா வரை சாதாரண ரயிலில் போய் அங்கே மாற வேண்டும், அரை மணி நேரம்தான். டோக்கியோ–கியோட்டோவுக்குத் தனி டிக்கெட்டை இரண்டு மூன்று நாள் முன்னதாக ஸ்டேஷன் கவுண்டரில் வாங்குங்கள், ‘ஈ’ இருக்கை கேளுங்கள். வானம் தெளிவாக இருந்தால் வலப்பக்கம் ஃபூஜி மலை தெரியும்.

பெட்டியின் நீளம், அகலம், உயரம் மூன்றையும் கூட்டிப் பாருங்கள். 160 சென்டிமீட்டரைத் தாண்டினால் அந்த ஷின்கான்செனில் பெரிய பெட்டிக்கு இடமுள்ள இருக்கையை முன்பதிவு செய்ய வேண்டும். அதற்குக் கூடுதல் கட்டணம் இல்லை, பதியாமல் ஏறினால் 1,000 யென். என் யோசனை, ஆளுக்கு ஒரு நடுத்தரப் பெட்டி, அதையும் கையால் தூக்கிப் படியேறிப் பார்த்துவிட்டு மூடுங்கள். லிஃப்ட் பெரும்பாலான ஸ்டேஷன்களில் இருக்கும், ஆனால் வழக்கமாக ஏதோ ஒரு வாசலில் மட்டும். ஷின்ஜுகு ஸ்டேஷனுக்கு 200க்கு மேல் வாசல்கள். எந்த வாசல் எண் என்று பார்க்காமல் வெளியே வந்தால் பெட்டியோடு அரை மணி நேரம் சுற்ற வேண்டும். அதைவிட நல்லது, ஊர் மாறும்போது பெட்டியை ‘தக்கியூபின்’ கூரியரில் அனுப்பிவிடுவது. ஹோட்டல் முன்மேசையிலேயே எழுதிக்கொடுப்பார்கள், பெட்டிக்கு 2,000 முதல் 3,500 யென், மறுநாள் அடுத்த ஹோட்டலில் இருக்கும். ஓர் இரவுக்கான துணியும் மருந்தும் கையில் வைத்துக்கொண்டால் போதும். இன்சுலின் அந்தப் பெட்டியில் போகவே கூடாது.

பிளக் இரண்டு தட்டைக் கம்பி வகை. அமெரிக்க அடாப்டரில் ஒரு கம்பி சற்று அகலமாக இருக்கும், அது சில இடங்களில் நுழையாது. இரண்டும் ஒரே அகலம் உள்ளதாக வாங்குங்கள். போன் சார்ஜர் 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் என்று அதிலேயே எழுதியிருக்கும்.

ஹோட்டல் பதிவில் ‘செமி டபுள்’ என்றிருந்தால் இப்போதே ‘ட்வின்’ (தனித்தனிக் கட்டில் இரண்டு) ஆக மாற்றுங்கள். முன்னது 120 சென்டிமீட்டர் அகலக் கட்டில் ஒன்று, இருவருக்கு. குளிர் காலையில் 6, 7 டிகிரி வரை போகும், மதியம் 15, 16. ஒரே கனத்த கோட்டைவிட உள்ளாடை வெப்பத்துணி, ஸ்வெட்டர், காற்றுத் தடுக்கும் மேலுடை என்று அடுக்கு நல்லது. செருப்பு போதாது. கழற்றி மாட்ட எளிதான ஷூவை இங்கேயே வாங்கி ஒரு மாதம் நடந்து பழகுங்கள், காலில் புண் வந்தால் சர்க்கரை உள்ளவருக்கு அது சின்ன விஷயமல்ல.

காப்பீடும் அவசரமும்

பயணக் காப்பீடு எடுக்கும்போது ஏற்கெனவே உள்ள நோயால் வரும் அவசர சிகிச்சைக்குப் பணம் தருமா என்ற பிரிவை மட்டும் நிதானமாகப் படியுங்கள். மலிவான திட்டங்கள் பல சர்க்கரை நோயை மறைத்தாலும் மறுக்கும், சொன்னாலும் விலக்கிவைக்கும். அங்கே மருத்துவமனையில் முதலில் நீங்கள் கட்டிவிட்டுப் பிறகு கோர வேண்டியிருக்கலாம், எனவே கிரெடிட் கார்டின் வரம்பையும் பாருங்கள்.

பாஸ்போர்ட்டை ஹோட்டலில் விட்டுவிட்டு வெளியே போகாதீர்கள். வெளிநாட்டவர் அதை எப்போதும் உடன் வைத்திருக்க வேண்டும் என்பது அந்நாட்டுச் சட்டம். நிலநடுக்கம் வந்தால் வெளியே ஓடத்தான் நமக்குத் தோன்றும். கட்டடத்துக்குள் இருந்தால் உள்ளேயே மேசைக்கு அடியில் தலையைக் காத்துக்கொண்டு இருங்கள். வெளியேதான் கண்ணாடியும் பலகையும் விழும். ‘சேஃப்டி டிப்ஸ்’ என்ற செயலி ஆங்கிலத்தில் எச்சரிக்கை தரும்.

ஆம்புலன்ஸ் 119, கட்டணமில்லை. போலீஸ் 110. ஜப்பான் சுற்றுலா அமைப்பின் உதவி எண் 050-3816-2787, நாள் முழுவதும் ஆங்கிலத்தில் பேசலாம். இந்த மூன்று எண்கள், காப்பீட்டு எண், மருத்துவர் கடிதத்தின் நகல் ஆகியவற்றை ஒரே தாளில் எழுதி, துணைவியார் பர்ஸிலும் ஒன்று வையுங்கள். உங்களுக்குச் சர்க்கரை இறங்கிப் பேச முடியாமல் போனால் போனைத் திறந்து தேடுவதற்கு அவருக்கு நேரம் இருக்காது.